அடுத்த மேட்சில் இறங்கப்போகிறவர்

எங்கள் பதினோரு பேரில் யாருக்காவது உடம்புக்கு முடியாமல் போகவேண்டும் என்று மனதார ஆசைப்பட்ட ஒரு மனிதரை எனக்குத் தெரியும். அவர் எங்கள் எதிரி இல்லை. எங்கள் கோச்.

கால்பந்து மேட்ச் அன்று காலையில், நாங்கள் குடியிருந்த ஹேடோ துறைமுகக் குவார்ட்டர்ஸ் வரிசையில் வீடு வீடாக வருவார். வாசலில் நின்று, கல்யாணத்துக்கு அழைக்க வந்தவர் போல இதமாக விசாரிப்பார். "இன்னாப்பா, கண்ணு ஒரு மாதிரி செவந்திருக்குது?" என்பார். தூங்கி எழுந்த கண் மாஸ்டர் என்று சொன்னால் நம்பமாட்டார். புறங்கையை என் கழுத்தில் வைத்துப் பார்ப்பார். சூடு இருக்காது. கையை எடுக்கும்போது அவர் முகம் சுருங்குவதைப் பார்த்தால், ஒரு காய்ச்சலாவது வந்து தொலைத்திருக்கக் கூடாதா என்று எனக்கே பாவமாக இருக்கும். "நல்லா இருக்கியா. சரி, நல்லா இரு," என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுப் பக்கம் நகர்வார்.

ஒருவர் குறைந்தால் அந்த இடத்தில் அவர் இறங்கலாம். அதுதான் விஷயம். அதற்காக முழுக்கால் சட்டைக்குள்ளே ஆட்டத்து அரைக்கால் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் மைதானத்துக்கு வருவார். தோளில் ஒரு கான்வாஸ் பை தொங்கும். அதற்குள் தேங்காய் எண்ணெய் தடவி மினுமினுக்கவைத்த பூட்ஸ் இருக்கும். அந்தமான் போர்ட் பிளேரில் பெய்கிற மழைக்கு எங்கள் பூட்ஸெல்லாம் பூசணம் பிடித்துப் பச்சையாகக் கிடக்கும். அவருடையது மட்டும் நேற்று வாங்கினது போல இருக்கும். நியாயம்தானே, நாங்கள் போட்டுக்கொண்டு ஆடினோம், அவர் துடைத்துக்கொண்டு இருந்தார்.

அவரை அங்கே வரவழைத்தது கோச் ஆக்குவதற்காக இல்லை. அது அறுபதுகளின் நடுப்பகுதி. துறைமுக வேலைகள் பெருகி, மெயின்லாண்டிலிருந்து ஒவ்வொரு கப்பலிலும் ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டிருந்த காலம். என் அப்பா இராமநாதபுரம் பக்கத்திலிருந்து மேஸ்திரியாக வந்தவர். நான் துறைமுக ஸ்டோரில் வேலைக்குச் சேர்ந்து, துறைமுக அணிக்குக் கோல் கீப்பராகவும் நின்றுகொண்டிருந்தேன். எங்கள் ஆபீசருக்குக் கால்பந்து என்றால் சாப்பாடு வேண்டாம். ஆனால் வருஷா வருஷம் மர மில் அணியிடம் நாங்கள் தோற்றோம். பொறுக்கமுடியாமல் அவர் மெட்ராஸுக்கு ஆள் அனுப்பி, வியாசர்பாடியில் பெயரெடுத்த வலது ஓரத்தில் ஆடும் ஒரு ரைட் அவுட் ஆட்டக்காரரை வேலை கொடுத்து அழைத்துவிட்டார்.

அவர் வரும் கப்பலைப் பார்க்க அணி முழுக்கத் துறைமுக ஜெட்டிக்குப் போனோம். ஆபீசரும் வந்திருந்தார். முதலில் ஒரு பெண் டிரங்குப் பெட்டியைத் தலையில் வைத்துக்கொண்டு படியிறங்கினாள். அவள் பின்னால் இவர். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, வலது காலை ஒரு படியில் வைத்து, இடது காலை அதே படிக்குக் கொண்டுவந்து, பிறகு அடுத்த படி. ஆபீசரின் கையிலிருந்த மாலை அப்படியே கீழே தொங்கிப்போனது.

"கப்பல்ல நின்னு நின்னு மரத்துப்போச்சு சார். ஒரு வாரத்துல சரியாயிடும்," என்றார் வந்தவர்.

ஒரு வாரம் போனது. ஒரு மழைக்காலமும் போனது. வேலை கொடுத்து வரவழைத்த மனிதரைத் திருப்பியனுப்ப ஆபீசருக்கு மனம் வரவில்லை. கால் சரியாகிறவரைக்கும் இந்தப் பசங்களுக்குச் சொல்லிக்கொடு என்றார். அந்த 'சரியாகிறவரைக்கும்' எத்தனையோ வருஷம் ஓடியது. ஆனால் மாஸ்டர் கணக்கில் அது எப்போதும் தற்காலிக ஏற்பாடுதான். யாராவது அவரைக் கோச் என்று அறிமுகப்படுத்தினால் உடனே திருத்துவார். "இப்போதிக்கு," என்பார்.

பயிற்சி கொடுக்கிறவர் சொல்லிக்கொடுக்க வேண்டும். இவர் செய்துகாட்டுவார். தலையால் முட்டுவது எப்படி என்று எகிறிக் காட்டி, சேற்றில் விழுந்து, எழுந்து, "இப்படி விழக்கூடாது, இன்னா புரிஞ்சிதா?" என்று கேட்பார். எங்கள் அணியில் தமிழர்கள் பாதி. மீதி பெங்காலி, மலையாளி, ராஞ்சிக்காரர்கள். எல்லோருக்கும் பொதுவாகப் புழங்கின இந்தியில் அவர் கற்றுக்கொண்டது ஏழெட்டு வார்த்தை. அவற்றின் பின்னால் ஒரு 'பா'வை ஒட்டி முழு ஆட்டத்தையும் நடத்திவிடுவார். ஓடு என்றால் பாகோபா, விடு என்றால் சோடோபா, பார் என்றால் தேக்கோபா. கொஞ்ச நாளில் ராஞ்சிப் பையன்கள் தங்களுக்குள் பேசும்போதே 'பாகோபா' என்று பேசத் தொடங்கினார்கள்.

ஆட்டத்தின்போது அவரைக் கோட்டுக்கு வெளியே நிறுத்துவது இன்னொரு பாடு. பந்து எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கம் அவர் கால் துடிக்கும். உள்ளே நாங்கள் உதைத்தால் வெளியே அவரும் உதைப்பார். பழகினவர்கள் அவரை விட்டு இரண்டடி தள்ளி நிற்பார்கள். டீ விற்க வந்த ஒரு புது ஆள் அது தெரியாமல் கெட்டிலை அவர் பக்கத்தில் வைத்துவிட்டான். நல்ல உதை. கெட்டில் போன வேகத்தையும் திசையையும் பார்த்து, மனுஷன் ஒரு காலத்தில் நன்றாகத்தான் ஆடியிருப்பார் என்று நாங்கள் பேசிக்கொண்டோம்.

அவர் ஆட்டத்தை நாங்கள் ஒரே ஒரு தடவைதான் பார்த்தோம். எங்கள் கேப்டன் பிஸ்வாஸ், கிரேன் ஓட்டுகிறவன். மேட்சுக்குச் சற்று முன்னால் அவன் மனைவிக்குப் பிரசவ வலி என்று சொல்லி ஆள் வந்தது. அவன் ஓடினான். நாங்கள் திரும்பிப் பார்ப்பதற்குள் மாஸ்டர் பூட்ஸ் கயிற்றைக் கட்டிக்கொண்டிருந்தார்.

வெகுநேரம் பந்து அவர் பக்கம் போகவில்லை. நாங்கள் அனுப்பவில்லை என்பதே சரி. பிறகு மில் அணிக்காரன் ஒருவன் உயரமாக அடித்த பந்து தானாக அவரைத் தேடி இறங்கியது. அவர் அண்ணாந்து பார்க்கக்கூட இல்லை. காலை லேசாக நீட்டினார். அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்த பந்து சத்தமில்லாமல் அவர் பாதத்தில் உட்கார்ந்தது. மழைக்குக் குடை பிடித்து நின்ற கூட்டம் ஓரடி முன்னால் நகர்ந்தது. கோல் கம்பத்துக்கடியில் நின்ற எனக்கு, எதிரணியின் கோலுக்கு நேராக ஒரு கதவு திறந்தது போல இருந்தது. அவர் திரும்பினார். உடம்பு திரும்பியது, வலது பாதம் சேற்றிலேயே நின்றுவிட்டது.

கேன்டீன் கதவைக் கழற்றி அதில் படுக்கவைத்துத் தூக்கிக்கொண்டு போனோம். கதவில் படுத்தபடியே மைதானத்தைப் பார்த்து, ரைட்டில் ஆளே இல்லை, பாகோபா என்று கத்திக்கொண்டு வந்தார். குவார்ட்டர்ஸ் வாசலில் அவர் மனைவி நின்றிருந்தாள். நாங்கள் அக்கா என்று கூப்பிடுவோம். புருஷனைப் பார்த்தாள், கதவைப் பார்த்தாள்.

"கதவு யாரோடதுப்பா? ஞாபகமா கொண்டுபோய் மாட்டிடுங்க," என்றாள்.

அவரை உள்ளே படுக்கவைத்துவிட்டு நாங்கள் கிளம்பும்போது வாசல்வரை வந்து, குரலைத் தாழ்த்தி, இனிமேல் உங்களில் ஒருத்தரும் படுக்கக்கூடாது, சொல்லிட்டேன் என்றாள்.

அதன்பிறகு எங்களுக்கு இரண்டு பேர் வந்து உடம்பு விசாரித்தார்கள். முதலில் மாஸ்டர் வந்து கழுத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போவார். அவர் தலை மறைந்ததும் அக்கா தூக்குச்சட்டியில் மிளகு ரசத்தோடு வருவாள். அவர்கிட்ட இன்னா சொன்ன என்று கேட்பாள். நல்லா இருக்கேன்னு சொன்னேன்க்கா என்போம். சமத்து, இதைக் குடி என்பாள். மெய்யாகவே காய்ச்சல் அடித்தவனுக்கு ரசம், சளி பிடித்தவனுக்கு ரசம், கால் சுளுக்கினவனுக்கும் அதே ரசம்தான். ராஞ்சிப் பையன்கள் கண்ணில் நீர் வழிய அதைக் குடித்தார்கள்.

வேடிக்கை என்னவென்றால் இதனால் எங்கள் அணி தேறிவிட்டது. மற்ற அணிகளில் இரண்டு பேர் மலேரியா என்பார்கள், மூன்று பேர் நொண்டுவார்கள். எங்களில் பதினோரு பேரும் எப்போதும் ஆஜர். துறைமுகத்துக்காரன்களுக்கு அந்த மெட்ராஸ் கோச் ஏதோ டானிக் கொடுக்கிறான் என்று ஊரில் பேச்சு கிளம்பியது. மாஸ்டர் காதுக்கும் அது போனது. அவருக்குச் சந்தோஷப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை.

பிறகு ஒரு வருஷம் போட்டியில் புதிய விதி வந்தது. ஆட்டத்தின் நடுவில் அடிபட்டவருக்குப் பதிலாக இன்னொருவரை இறக்கலாம். அதைக் கேட்ட இரவு மாஸ்டர் இரண்டாம் முறை சோறு வாங்கிச் சாப்பிட்டதாக அக்கா சொன்னாள். மாற்று ஆள் யார் என்று அவர் எங்களைக் கேட்கவில்லை. கேட்பதற்கு என்ன இருக்கிறது?

எங்களுக்கு வேறு வழியில்லாமல் போயிற்று. எவனும் அடிபட்டதாக ஒப்புக்கொள்ளக்கூடாது என்று எங்களுக்குள் பேசி வைத்துக்கொண்டோம். என் விரல் வீங்கிக் கையுறைக்குள் நுழையாதபோது நான் கையுறை பிடிக்கவில்லை என்றேன். மூக்கில் ரத்தம் வந்தவன் வெற்றிலைச் சாறு என்றான். கீழே விழுந்தவன் விழுந்த வேகத்திலேயே எழுந்து நின்று, மாஸ்டர் இருக்கும் பக்கம் பார்த்து ஒரு சிரிப்பு சிரிப்பான். அவர் பையை மெல்லத் திரும்பத் தோளில் மாட்டிக்கொள்வார்.

அரையிறுதி ஆட்டத்தில் லெஃப்ட் அவுட் ஆடியவன் சூசை. தூத்துக்குடியிலிருந்து மீன்பிடிக்க வந்த குடும்பம். அவன் மட்டும் துறைமுகத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். இரண்டாம் பாதி தொடங்கினதும் எதிரணியில் தடுத்து ஆடும் ஒரு பருமனான பேக் ஆட்டக்காரன் அவன்மேல் விழுந்தான். சூசை எழுந்தான். சிரித்தான். அதற்குப் பிறகு அவன் இடது கை ஆடவில்லை என்பதை நாங்கள் கவனித்திருக்கலாம். ஜெயிக்கிற ஆட்டத்தில் யார் யார் கையைப் பார்க்கிறார்கள்? கடைசியில் அவன் ஓடிப்போய்க் கொடுத்த பந்தில்தான் கோல் விழுந்தது. விசில் ஊதியதும் மாஸ்டர் நொண்டியபடியே உள்ளே ஓடிவந்து, சபாஷ்டா என்று அவன் தோளில் ஒரு தட்டு தட்டினார். சூசை சத்தமே போடாமல் அவர் காலடியில் சரிந்தான்.

காறை எலும்பு முறிந்திருந்தது. ஆஸ்பத்திரியில் கட்டுப்போட்டுப் படுக்கவைத்தார்கள். முறிந்த எலும்போடு பாதி ஆட்டம் ஓடவிட்டவன் எவன் என்று டாக்டர் கேட்டார். மாஸ்டர் நான்தான் என்றார். டாக்டர் இங்கிலீஷில் பேசினதெல்லாம் எங்களுக்குப் புரியவில்லை. அவருக்கும் புரிந்திருக்காது. ஆனால் தலையைக் குனிந்து கடைசிவரை கேட்டுக்கொண்டு நின்றார்.

டாக்டர் போனபிறகு கட்டில் ஓரமாக உட்கார்ந்து, வலி இருந்தால் சொல்லவேண்டியதுதானே, ஏன் சொல்லவில்லை என்று சூசையைக் கேட்டார். சூசை எங்களைப் பார்த்தான். நாங்கள் ஆளுக்கொரு ஜன்னலைப் பார்த்தோம். வலியில் அவனுக்குப் பொய் சொல்லத் தெம்பில்லை.

"நா வெளிய வந்தா நீங்க எறங்கிருவியளே மாஸ்டர்," என்றான். "அதான்."

மாஸ்டர் எங்களை ஒவ்வொருவராகத் திரும்பிப் பார்த்தார். பிஸ்வாஸை, ராஞ்சிப் பையன்களை, என்னை. எல்லோருடைய சுளுக்கும் வீக்கமும் வெற்றிலைச் சாறும் அந்த ஒரு பார்வையில் அவருக்குப் புரிந்துவிட்டது என்று நினைக்கிறேன். சூசையின் போர்வையைச் சரிசெய்துவிட்டு எழுந்து வெளியே போனார். ஆஸ்பத்திரியிலிருந்து ஹேடோ வரைக்கும் ஏற்ற இறக்கத்தில், அந்தக் காலோடு, நடந்தே போனதாகப் பிறகு அக்கா சொன்னாள்.

அதற்கப்புறம் கொஞ்ச நாள் அவர் மைதானத்துப் பக்கம் வரவில்லை. நாங்களே பந்தை எடுத்து நாங்களே உதைத்தோம். யாரும் எகிறிக் காட்டி விழாததால் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. மைதானம் கடல் பக்கம் சரிந்து கிடக்கும். பந்து தண்ணீரில் விழுந்தால் முன்பெல்லாம் போட்டிபோட்டுக் குதிப்பார்கள். இப்போது நீ போ, நீ போ என்றார்கள்.

ஒரு சாயங்காலம் செருப்புப் போட்டுக்கொண்டு வந்தார். பை இல்லை. கேன்டீனிலிருந்து ஒரு மடக்கு நாற்காலியைக் கொண்டுவந்து, கோட்டுக்கு வெளியே போட்டு, உட்கார்ந்தார். அவரை உட்கார்ந்த நிலையில் நாங்கள் பார்த்ததே இல்லை. கொஞ்ச நேரம் சும்மா பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைக் கூப்பிட்டு, பந்தை எறிவதற்கு முன்னால் நான் எறியப்போகும் பக்கத்தை முதலில் பார்த்துவிடுகிறேன் என்றும், அது எதிராளிக்கு முன்கூட்டியே தெரிந்துபோகிறது என்றும் சொன்னார். நான் கோல் கீப்பராக நின்ற அத்தனை வருஷமும் அப்படித்தான் எறிந்துகொண்டிருந்தேன். அவரும் அத்தனை வருஷமும் அங்கேதான் நின்றுகொண்டிருந்தார். தன் காலைப் பார்ப்பதை விட்டு எங்களைப் பார்க்க ஆரம்பித்தது அன்றைக்குத்தான். ஒரு வாரத்துக்குள் எங்களில் ஒவ்வொருவனிடமும் இப்படி ஒரு ஓட்டையைக் கண்டுபிடித்தார். நொண்டிக்கொண்டு செய்துகாட்டியதைவிட உட்கார்ந்து சொன்னது எங்களுக்கு நன்றாகவே ஏறியது. இதை அவரிடம் சொல்ல எங்களுக்குத் தைரியம் வரவில்லை.

இறுதி ஆட்டம் மில் அணியோடு. சூசைக்குப் பதில் ஹேவ்லாக் தீவிலிருந்து ஒரு பெங்காலிப் பையன் வரவேண்டும். காலையிலிருந்து காற்று. படகு வரவில்லை. ஆட்டம் தொடங்கும் நேரம்வரை ஜெட்டியில் ஆள் நிறுத்திப் பார்த்தோம். வரவில்லை. பத்துப் பேர் நின்றோம்.

அக்காவும் குவார்ட்டர்ஸ் பெண்களோடு குடை பிடித்துக்கொண்டு வந்திருந்தாள். பிஸ்வாஸ் அவளைப் பார்த்தான். பிறகு நாற்காலியிடம் போனான். யாரையாவது உங்கள் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பூட்ஸைக் கொண்டுவரச் சொல்கிறேன், நீங்கள் இறங்குங்கள் மாஸ்டர் என்று இந்தியில் கேட்டான். நானும் வந்து நின்றுகொண்டேன். நாங்கள் வேடிக்கைக்குச் சொல்லவில்லை. சும்மா உங்கள் ரைட் அவுட் மூலையில் நின்றால் போதும், ஓடவேண்டாம் என்றேன். அக்காகூடத் தடுக்க வராமல் தூரத்தில் நின்று எங்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவர் மைதானத்தின் வலது மூலையைப் பார்த்தார்.

"வேணாம்பா," என்றார். "பத்து பேரா ஆடினா ஓட்டை எங்கன்னு உங்களுக்குத் தெரியும். ஓடிவந்து அடைப்பீங்க. நான் வந்து நின்னா, அங்க ஒரு ஆள் இருக்குதுன்னு நம்பிடுவீங்க."

பிறகு எங்களைச் சுற்றி உட்காரவைத்து, யார் எங்கே நிற்பது, யார் போனால் யார் அந்த இடத்துக்கு வருவது என்று தரையில் குச்சியால் கோடு போட்டுச் சொன்னார். இந்தி வார்த்தை தீர்ந்துபோன இடத்தில் பிஸ்வாஸ் எடுத்துக்கொடுத்தான்.

பத்துப் பேராக ஆடி, பாதி ஆட்டத்துக்கு மேலும் அவர்களை நிறுத்திவைத்தோம். கடைசியில் ஒரே ஒரு கோலில் தோற்றோம். அது நான் விட்ட கோல்; எவ்வளவு நீளமாகப் பாய்ந்தாலும் எட்டாத மூலைக்குப் போனது என்று மாஸ்டரே சொன்னதால் அதைப்பற்றி இங்கே மேலே பேசவில்லை. மில் அணிக்காரர்கள் கோப்பையை வாங்கிக்கொண்டு நேராக அவர் நாற்காலியிடம் வந்து கை கொடுத்துவிட்டுப் போனார்கள்.

அன்று பொழுது சாய்ந்ததும் எல்லோரும் அவர் வீட்டில் சாப்பிட்டோம். சூரை மீன் குழம்பு. கையைத் தொட்டில் போலக் கட்டின சூசைக்கு அக்கா மீனை முள் எடுத்துப் போட்டாள். தோற்ற அணி சாப்பிடும்போது பேச்சு எடுப்பது கஷ்டம். யாரோ ஒருவன், பேச்சுக்குத்தான், அந்த முட்டியில் அடிபட்டது எந்த மேட்சில் மாஸ்டர் என்று கேட்டுவிட்டான். இத்தனை வருஷத்தில் அதை நாங்கள் யாரும் கேட்டதில்லை. சட்டென்று எல்லோரும் தட்டைப் பார்த்தோம்.

"நான் ஆடின காலத்துல," என்று அவர் ஆரம்பித்தார்.

அப்படி ஒரு வார்த்தை அவர் வாயிலிருந்து நாங்கள் கேட்டதே இல்லை. பிஸ்வாஸ் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான்.

மேட்சே இல்லை என்றார். ஒரு தூறல் நாள் காலை, பயிற்சி முடிந்து எல்லோரும் போனபிறகு, வேலிப் பக்கம் உருண்ட பந்தைப் பொறுக்கப் போயிருக்கிறார். கம்பம் நட வெட்டின குழியில் கால் போய்விட்டது. எதிராளி இல்லை, பார்ப்பதற்கும் ஆள் இல்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர் பார்த்துவிட்டு, இனிமேல் ஆட்டம் கிடையாது என்று சொல்லிவிட்டார். அதற்கடுத்த மாதம்தான் இங்கேயிருந்து ஆள் வந்து, அந்தமானில் வேலை, வந்து ஆடுகிறாயா என்று கேட்டது.

"ஆடறேன்னு சொல்லிட்டேன்," என்றார். "டாக்டர் சொன்னதை ஆபீசர்கிட்ட சொல்லல. உங்ககிட்ட சொல்லல. இவகிட்டயும் சொல்லல. சொன்னா கப்பல் ஏறமாட்டாளேன்னு பயம்."

அக்கா குழம்புச் சட்டியைச் சாய்த்து அடியில் கிடந்ததைக் கரண்டியால் வழித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்குத் தெரியும்," என்றாள்.

"இன்னா தெரியும்?"

"நீ ரிக்‌ஷா கூப்பிட வெளிய போனப்ப டாக்டர் என்னை உள்ள கூப்ட்டு சொன்னாரு. இவரால இனிமே ஆடவே முடியாதும்மான்னு."

அவர் கை சோற்றிலேயே நின்றது. "தெரிஞ்சுமா வந்த?"

"அவரு முடியாதுன்னாரு. நீ ஆடப்போறேன்னு பொட்டிய கட்டற. நான் வேற எங்க போறது?"

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மாஸ்டர் தட்டை அவள் பக்கம் லேசாக நகர்த்தி, இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார். அக்கா போட்டாள்.